எழுநூறு மூடிகளும் நாலரை லிட்டர் ரெசினும்

அன்புள்ள கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டு ஹாலின் மூலையில் ஒரு பார் கவுண்டர் வைக்கப்போவதாகவும், அதன் மேல்பலகையில் தாத்தா கடையில் நீ சேர்த்த சோடா மூடிகளைப் பதித்து ரெசின் ஊற்ற ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தாய். கடையில் கொடுத்துச் செய்யவா, நானே செய்யவா என்று கேட்டிருக்கிறாய். நீயே செய். மரவேலை பழகாதவன்கூட இதை நன்றாகச் செய்துவிட முடியும். கைத்திறமையைவிட, நேரம் ஒதுக்குவதும் அவசரப்படாமல் இருப்பதும்தான் இதற்கு வேண்டும்.

ரெசினுக்கு ஒரு குணம் உண்டு, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். உள்ளே போனதை அது திருப்பித் தராது. மூடியைப் பிடித்து வைப்பதுபோலவே தூசியையும் தலைமுடியையும் கொசுவையும், மூடிக்குள் தங்கிய ஒரு சொட்டுத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கண்ணாடிபோல் இறுகிய பிறகு, 'அந்த மூடி தலைகீழாக இருக்கிறதே' என்று தோன்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தில் ஊற்றுவதைப் பற்றிக் குறைவாகவும் அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன். நிஜத்திலும் நேரம் அப்படித்தான் பிரியும்.

ஒரு மூடியைக் கையில் எடுத்து அதன் பற்களை எண்ணிப் பார். 21 இருக்கும். எந்தக் கம்பெனி பானமானாலும், எந்த ஊர் மூடியானாலும் 21தான். இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் இருந்த வில்லியம் பெயின்டர். 1892இல் காப்புரிமை பெற்றார். அவர் செய்த மூடியில் 24 பற்கள் இருந்தன. பின்னால்தான் 21 என்று நிலைத்தது. அதற்கு முன்னால் சோடாவை அடைத்து வைப்பது பெரிய பாடு. நம் ஊர் கோலி சோடா பாட்டில்கூட இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1870களில் கொண்டுவந்த ஏற்பாடு. உள்ளேயிருக்கும் வாயுவே கோலியைக் கழுத்தோடு அழுத்தி அடைத்துக்கொள்ளும். பெயின்டரின் மூடி வந்த பிறகு பல நாடுகளில் கோலி பாட்டில் ஒதுங்கியது. அவருடைய கம்பெனியில் விற்பனையாளராக வேலை பார்த்த ஒருவருக்கு, ஒரு முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறியும் பொருள் எதையாவது கண்டுபிடி என்று பெயின்டர் யோசனை சொன்னார். அந்த விற்பனையாளர்தான் பிறகு பிளேடு செய்து பேர் வாங்கிய கில்லெட். இவ்வளவு கதையும் உன் டப்பாவில் கிடக்கும் தகரத்துண்டுக்குள் இருக்கிறது.

அந்த டப்பாவை அப்படியே பலகையில் கொட்டிவிடாதே. பிரித்துப் பார். 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ மூடிகள் நிறைய இருக்கும். தம்ஸ் அப், லிம்கா இருக்கும். கோல்ட் ஸ்பாட் மூடி ஒன்றிரண்டு அகப்பட்டால் தனியாக எடுத்து வை. 1977இல் கோகா கோலா இந்தியாவைவிட்டுப் போனது. 1993இல் திரும்பி வந்தபோது பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் மூன்றையும் வாங்கியது. கோல்ட் ஸ்பாட்டைப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அந்த ஆரஞ்சு நிற மூடி இனி அச்சாகி வராது. உட்காருபவர் கண் முதலில் விழும் இடத்தில் அதை வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பழைய மூடிகளின் உள்பக்கத்தைப் பார்த்தால் சிலவற்றில் தக்கை வில்லை இருக்கும், புதியவற்றில் பிளாஸ்டிக். தக்கையைச் சிறிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிடு. அது ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், ரெசின் சூடாகும்போது ஆவியும் காற்றுமாக வெளியே விடும். எல்லா மூடிகளையும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பற்களுக்கு நடுவே தேய்த்துக் கழுவு. சர்க்கரைப் பிசுக்கு போக வேண்டும். பிறகு வெயிலில் கவிழ்த்தும் மல்லாத்தியும் நன்றாகக் காயவிடு. துரு இருந்தால் உப்புத்தாளால் உதிரும் பொடியை மட்டும் எடு, பெயின்டைச் சுரண்டாதே. இனிமேல் சேர்க்கப்போகும் மூடிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஓப்பனரை ஒரே இடத்தில் கொடுத்துத் தூக்கினால் மூடி நடுவில் மடங்கிவிடும். மூடியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அதன்மேல் ஓப்பனர் முனை உட்காரும்படி தூக்கினால் மடிப்பு விழாது.

எத்தனை மூடி வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். ஒரு மூடியின் அடிவிளிம்பு ஏறக்குறைய 32 மில்லிமீட்டர், உயரம் 6 மில்லிமீட்டர். உன் கவுண்டரின் உள்ளளவு ஐந்தடிக்கு ஒன்றரை அடி என்று எழுதியிருந்தாய். அதாவது 1524க்கு 457 மில்லிமீட்டர். கட்டம் கட்டமாக நேர் வரிசையில் அடுக்கினால் 47 மூடிகள் கொண்ட 14 வரிசை, மொத்தம் 658. இதையே ஒரு வரிசையின் இரண்டு மூடிகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் அடுத்த வரிசையின் மூடி உட்காரும்படி அடுக்கிப் பார். வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள தூரம் 32இலிருந்து சுமார் 27.7 ஆகச் சுருங்கும். அதே பலகையில் 16 வரிசை பிடிக்கும். மொத்தம் 752.

இது உன் அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கோலத்தில் நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று சொல்வார்களே, அதேதான். நேர்ப்புள்ளி வைத்தால் தளத்தில் நூற்றுக்கு 78 பங்கு சொச்சம்தான் மூடியால் நிரம்பும். ஊடுபுள்ளி வைத்தால் 90க்கு மேல் நிரம்பும். ஒரு மூடியைச் சுற்றி அதே அளவு மூடிகள் சரியாக ஆறு உட்காரும், இடைவெளியும் விழாது, மோதவும் மோதாது. மேசையில் ஒரு தடவை வைத்துப் பார்த்தால் உனக்கே அதன் அழகு புரியும். இப்படி அடுக்கும்போது ஒற்றை வரிசைகளின் ஒரு முனையிலும் இரட்டை வரிசைகளின் மறுமுனையிலும் அரை மூடி அளவுக்கு இடம் காலியாக நிற்கும். அதை நிரப்ப மூடியை வெட்டாதே. வெட்டிய தகரம் கையைக் கிழிக்கும், பார்க்கவும் நன்றாக இருக்காது. காலியாக விட்டால் ஓரத்தில் மாறி மாறி வரும் அந்த இடைவெளியே ஒரு கரைபோல் அமைந்துவிடும்.

ஆசாரியிடம் பலகை அறுக்கச் சொல்வதற்கு முன் மூடிகளைத் தரையில் பரப்பி அளந்துகொள். டேப்பைவிட மூடியை நம்பு. பலகைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் வாங்கு. சாதாரண பிளைவுட் ஈரத்துக்கு வளையும். சுற்றிலும் தேக்கு பீடிங் அடிக்க வேண்டும். அது பலகையின் மேல்மட்டத்துக்கு மேலே 10 மில்லிமீட்டர் எழுந்து நின்றால் போதும்: மூடிக்கு 6, அதன்மேல் ரெசினுக்கு 3, மிச்சம் 1 விளிம்பு. பீடிங்கும் பலகையும் சேரும் மூலையில் தலைமுடி அளவு சந்து இருந்தாலும் ரெசின் அது வழியாக இரவெல்லாம் ஒழுகும். கொஞ்சம் ரெசினில் மெல்லிய மரத்தூளைக் குழைத்து அந்தச் சந்து முழுக்கப் பூசிவிடு. அடிப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டு.

பலகைக்குக் கறுப்பு அடிக்கச் சொல்வேன். மூடிகளுக்கு நடுவே மரநிறம் தெரிந்தால் கண் அதைத்தான் பார்க்கும். கறுப்பு பின்னால் போய்விடும், மூடியின் நிறங்கள் எடுப்பாகத் தெரியும். பெயின்ட் சில நாள் நன்றாகக் காய்ந்ததும், பிரஷால் ரெசினை மெல்லிசாக ஒரு பூச்சு பூசு. மரத்துக்குள் காற்று இருக்கிறது. அதை அடைக்காமல் ஊற்றினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் குமிழி எழுந்துகொண்டே இருக்கும்.

இப்போது ரெசின். நீ ஹார்டுவேர் கடையில் போய் வெறுமனே ரெசின் என்று கேட்டால் ஃபைபர் வேலைக்கான பாலியெஸ்டர் ரெசினைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. விலை குறைவு, ஆனால் இறுகும்போது சுருங்கும், வீடு முழுக்கக் காட்டமாக நாறும். உனக்கு வேண்டியது எபாக்சி. அதிலும் மேசைத்தளத்துக்கென்று விற்கும் தெளிவான வகை. எபாக்சி உனக்குப் புதிதல்ல. வீட்டில் உடைந்ததையெல்லாம் ஒட்ட இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலக்குவோமே அரால்டைட், அதே குடும்பம். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற வேதியியலாளர் பல் மருத்துவத்துக்குப் பயன்படும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது பிறந்தது. சீபா கம்பெனி 1946இல் அரால்டைட் என்ற பெயரில் வெளியே கொண்டுவந்தது.

எபாக்சி பெயின்ட் மாதிரி காய்ந்து இறுகுவதில்லை. ரெசினும் அதோடு கலக்கும் ஹார்டனரும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே வலையாக ஆகின்றன. ஆகவே அளவு தப்பக்கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகாது. பிணைய ஜோடி கிடைக்காத மிச்சம் பிசுபிசுவென்று நிரந்தரமாக நின்றுவிடும். டப்பாவில் இரண்டுக்கு ஒன்று என்று போட்டிருந்தால் அது கொள்ளளவா எடையா என்று படித்துப் பார். இரண்டும் ஒன்றல்ல.

அந்தப் பிணைப்பு வெப்பத்தை வெளியிடும். வாளியில் ஒரு லிட்டர் கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால், திரும்பி வரும்போது புகைந்துகொண்டிருக்கும். அதே ஒரு லிட்டரைப் பலகையில் பரப்பிவிட்டால் வெப்பம் வெளியேறி நிதானமாக இறுகும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியது. 10 டிகிரி கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும் என்று வைத்துக்கொள். சித்திரை வெயிலில் இதைத் தொடாதே. ஐப்பசி மழையிலும் வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் மேற்பரப்பில் எண்ணெய்போல் வெள்ளைப் படலம் படியும். தை, மாசி இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள்.

எவ்வளவு வாங்குவது? மூடியைத் தட்டையான வில்லையாக நினைத்துக் கணக்குப் போடாதே. அதன் கீழே பொள்ளல். அங்கேதான் இந்த வேலையின் சிக்கலும் இருக்கிறது. மூடியின் எடை இரண்டு கிராம் சொச்சம்தான், உள்ளே காற்று. ஒட்டாமல் ஊற்றினால் மூடிகள் மிதந்து வரிசை கலைந்துவிடும். ஒட்டி ஊற்றினாலும், ஒரே தடவையாக ஊற்றினால் பற்களுக்கு அடியில் ரெசின் நுழைய, உள்ளே இருந்த காற்று குமிழி குமிழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். நீ மேலே ஊதிப் பயனில்லை. 752 மூடிகளும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

அதற்கு வழி இது. குளூ கன்னால் ஒவ்வொரு மூடியின் உட்குழிவிலும் ஒரு பெரிய சொட்டு பசை வைத்து, கவிழ்த்துப் பலகையில் அழுத்து. எல்லா எழுத்தும் ஸ்டூலில் உட்காருபவரைப் பார்த்து இருக்கட்டும். பிறகு முதல் ஊற்று 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டும். இது பற்களின் அடியைச் சுற்றி மூடிவிடும். இது இறுகியதும் உள்ளேயிருக்கும் காற்றுக்கு வெளியே வர வழியே இல்லை. அதன் பிறகு எத்தனை ஊற்று ஊற்றினாலும் குமிழி தொல்லை பெரிதாக இருக்காது. இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு, முழு ரெசினையும் ஒரே மூச்சில் ஊற்றிய தளங்களைத்தான் நீ மங்கலாகவும் நுரையாகவும் பார்த்திருப்பாய்.

உன் பலகைக்கு அந்த முதல் ஊற்று சுமார் 1.4 லிட்டர் கேட்கும். மூடிகளுக்கு நடுவே அவற்றின் தலைவரை நிரம்ப இன்னும் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதை இரண்டு தடவையாக ஊற்று. கடைசியாக மூடிகளுக்கு மேலே 3 மில்லிமீட்டர் தளத்துக்கு 2.1 லிட்டர். சேதாரத்தோடு நாலரை லிட்டர் என்று வாங்கிக்கொள். மொத்தச் செலவில் இதுதான் பெரும்பங்கு. இந்த வகை ரெசினை ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றக்கூடாது என்று பொதுவாக டப்பாவிலேயே போட்டிருப்பார்கள்.

நேராகப் பெரிய பலகைக்குப் போகாதே. துண்டுப் பலகை ஒன்றில் நடுவில் ஒரு மூடி, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று 19 மூடிகளை ஒட்டி, எல்லாப் படிகளையும் ஒரு தடவை முழுதாகச் செய்து பார். உன் ஊர் வெயிலில் அந்த ரெசின் எத்தனை நிமிடத்தில் தேன் பதத்துக்கு வருகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். அந்தத் துண்டு தண்ணீர்ச் செம்பு வைக்க உதவும்.

ஊற்றும் நாளைக்கு முந்தின நாள் அறையைக் கழுவி, மின்விசிறி இறக்கைகளைத் துடைத்துவிடு. அன்றைக்கு விசிறி போடாதே. பலகையை வைத்த இடத்தில் ரசமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் பார். ஐந்தடியில் 2 மில்லிமீட்டர் சாய்ந்தால் ஒரு முனையில் ரெசின் 4, மறுமுனையில் 2 என்று நிற்கும். நேரம் பிற்பகல் நன்று. மரம் குளிர்ந்துகொண்டு போகும் நேரத்தில் காற்றை வெளியே தள்ளாது. ஆனால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடு. விளக்கு போட்டதும் பூச்சி வந்து விழும். மேலே கொசுவலையை உயரமாகக் கட்டி வைப்பது நல்லது.

கையில் நைட்ரைல் கையுறை கட்டாயம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஹார்டனர் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும்; வந்தால் போகாது, பிறகு எபாக்சி பக்கமே போக முடியாதபடி கை தடித்துப்போகும். தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவு. தின்னர் வேண்டாம், அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். ஜன்னல்களைத் திறந்து வை. உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் போடு.

கலக்கும்போது தட்டையான குச்சியால் நாலைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கு. பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக்கொண்டே இரு. பிறகு வேறொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசினை வழித்து ஊற்றாதே. அது விழுந்த இடம் மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கடைசி ஊற்றுக்குத் துணையாள் ஒருவர் வேண்டும், நீ ஊற்றும்போது அவர் அடுத்ததைக் கலக்குவார். ஊற்றியதும் ஹீட் கன்னை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, நிற்காமல் ஓட்டிக்கொண்டே போனால் மேலே நிற்கும் குமிழிகள் பட்பட்டென்று உடையும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே அலையாக இறுகும். மிச்ச ரெசினைக் குப்பைத் தொட்டியில் போடாமல் சிமென்ட் தரையில் வை, ஆறி இறுகட்டும்.

ஓர் ஊற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே, விரல் வைத்தால் தடம் பதியும் ஆனால் ஒட்டாத பதம் ஒன்று வரும்; பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில். அப்போது அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒரே உடலாகிவிடும். மறுநாள்வரை விட்டுவிட்டாயானால், தண்ணீரில் துடைத்து, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்துவிட்டு ஊற்று. உப்புத்தாள் போட்டதும் தளம் வெள்ளை வெளேரென்று மங்கும். பயப்படாதே, அடுத்த ஊற்று பட்டதும் கீறலெல்லாம் மறைந்து தெளிந்துவிடும்.

முடிந்த தளத்தை வெயில் நேராக விழும் ஜன்னலோரம் வைக்காதே, மஞ்சளாகும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தையும் வைக்காதே; 50, 60 டிகிரியிலேயே இது இளகும், பாத்திரத்தின் வட்டம் பதிந்துவிடும். மறுநாளே தொட்டுப்பார்க்கக் கல்மாதிரி இருக்கும். ஆனால் முழு வலு வர ஒரு வாரம் ஆகும், அதுவரை ஒரு கிளாஸ்கூட வைக்கக் கூடாது. வந்தவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் தள்ளி நின்று காட்டு.

19 மூடித் துண்டு இறுகியதும், அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பெரிய பலகையில் சந்தேகம் ஏதாவது வந்தால் கலக்குவதற்கு முன்பே போன் செய். கலக்கிவிட்டால் பேச நேரம் இருக்காது.

அன்புடன்,
மாமா